மீட்டர் பூஜ்ஜியம் காட்டினால் வண்டியை எடுக்காதீர்கள்

திருச்சி, துவாக்குடி, ராணிப்பேட்டை வட்டாரங்களில் ரேடியோகிராபி ஏஜென்சி நடத்தும் உரிமையாளர்களுக்கும் சைட் இன்சார்ஜ்களுக்கும்,

வணக்கம்.

வெல்டிங் ஜாயின்டைக் கதிர்வீச்சால் படமெடுக்கும் இரிடியம்-192 கேமரா, துவாக்குடியில் இரவு ஏற்றினால், விடியும்போது எண்ணூரில் இறங்குகிறது. சைட்டில் கயிறு கட்டுகிறோம், சிவப்பு விளக்கு வைக்கிறோம், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியான ஆர்.எஸ்.ஓ. கையெழுத்துப் போடுகிறார். கடைசி ஜாயின்டைப் படமெடுத்து முடித்து, சாமான்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றும் பத்து நிமிடத்தில்தான் எல்லாருக்கும் தூக்கம் வருகிறது. இந்த மடல் அந்தப் பத்து நிமிடத்துக்காக.

வண்டி கவிழ்ந்து கேமரா உடைந்துவிடுமோ என்பது வெளியாட்களின் பயம். கேமராவுக்குப் பி வகைப் பொதி (வீரியமான கதிரியக்கப் பொருளைக் கொண்டுபோகும் பொதி) என்று சான்று பெற, அதன் மாதிரி 9 மீட்டர் உயரத்திலிருந்து அசையாத தளத்தில் விழுந்தும், 800 டிகிரி தீயில் 30 நிமிடம் கிடந்தும் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனை எல்லாம் சோர்ஸ், அதாவது கதிர்வீச்சைத் தரும் இரிடியம், உள்ளே இருக்கிறது, பூட்டு விழுந்திருக்கிறது என்ற கணக்கில் நடப்பவை. சோர்ஸ் வெளியே தங்கிவிட்டால் சான்றிதழ் வெறும் காகிதம்.

வெளியே எப்படித் தங்குகிறது? கிராங்கைச் சுற்றினால் கேபிள் சோர்ஸைக் கைடு டியூப் வழியாக வெளியே தள்ளும், திரும்பச் சுற்றினால் உள்ளே இழுக்கும். கேபிளையும் சோர்ஸையும் இணைக்கும் கனெக்டர் தேய்ந்திருக்கும், அல்லது சரியாக மாட்டாமல் கிராங்கைச் சுற்றியிருப்பார்கள். திரும்பச் சுற்றும்போது கேபிள் மட்டும் வரும். இரிடியம் பெல்லட் உள்ள சின்ன வால் போன்ற பிக்டெய்ல் கைடு டியூபின் முனையிலேயே நின்றுவிடும். கைக்கு வித்தியாசம் தெரியாது. தானாகப் பூட்டிக்கொள்ளும் மாடல்களில் பூட்டு விழாமல் நின்று காட்டிக்கொடுக்கும். மணல் ஏறிய பூட்டை "இது எப்பவும் இப்படித்தான்" என்று தட்டித் தட்டிப் பழகிய ஆளுக்கு அதுவும் உறைக்காது. பிறகு அந்த டியூபைச் சுருட்டி டிரைவர் சீட்டுக்கு அடியில் எறிவார்கள்.

20 கியூரி வீரியமுள்ள இரிடியம் 1 மீட்டரில் மணிக்குச் சுமார் 100 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சு தரும் (1,000 மில்லிசீவெர்ட் ஒரு சீவெர்ட்). அரை மீட்டரில் 400. மூன்று மணி நேர ஓட்டத்தில் டிரைவருக்கு 1 சீவெர்ட்டைத் தாண்டிவிடும். வாந்தி தொடங்கும் அளவு அது. கீழே விழுந்த பிக்டெய்லை யாராவது எடுத்துச் சட்டைப் பையில் போட்டால், ஒட்டிய தோலுக்கு ஒரே நிமிடத்தில் 10 சீவெர்ட்டுக்கு மேல் போகும்.

இதைத் தடுக்க வேண்டியது கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர் ஒன்றுதான். முதலில் பேட்டரியைப் பாருங்கள். படமெடுக்கும் முன்பே, சோர்ஸ் உள்ளே இருக்கும் கேமராவின் மேல் மீட்டரை வைத்து முள் அசைகிறதா என்று பாருங்கள். நல்ல கவசம் உள்ள கேமராவும் கொஞ்சம் காட்டியே தீரும். பூஜ்ஜியம் காட்டினால் மீட்டர் செத்திருக்கிறது, அல்லது சோர்ஸ் உள்ளே இல்லை. இரண்டில் எதுவானாலும் வண்டி நகரக் கூடாது. பழைய ஜி.எம். (கைகர்-முல்லர்) மீட்டர் சிலவற்றுக்கு இன்னொரு கோளாறு உண்டு: கதிர்வீச்சு அளவு மீறிப்போனால் மூச்சடைத்துப் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். அதனால் மீட்டரைத் தூரத்திலேயே ஆன் செய்து, பார்த்துக்கொண்டே நெருங்க வேண்டும். பக்கத்தில் போய் ஆன் செய்வது தற்கொலைப் பழக்கம்.

வண்டியில் ஏற்றும் முன் எழுத வேண்டிய எண்கள் மூன்று: பூட்டுப் பக்கத்து மேற்பரப்பு, டியூப் மாட்டும் பக்கத்து மேற்பரப்பு, 1 மீட்டர் தூரம். அதோடு கைடு டியூபை முனை வரை மீட்டரால் தடவ வேண்டும். கையில் தூக்கும் கேமராவுக்கான தரம், மேற்பரப்பில் மணிக்கு 2 மில்லிசீவெர்ட், 1 மீட்டரில் 20 மைக்ரோசீவெர்ட் என்பதைத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியம், நேற்றைய எண்ணோடு ஒப்பிடுவது. இரிடியம் 74 நாளில் பாதியாகும். ஒரு நாளில் அதனால் குறைவது ஒரு சதவீதம்தான். திடீரென்று எண் ஏறியிருந்தால் சோர்ஸ் முழுதாகத் திரும்பவில்லை. திடீரென்று விழுந்திருந்தால் சோர்ஸ் அங்கே இல்லை. எண் இறங்குவதை நல்ல செய்தி என்று நினைத்துவிட வேண்டாம்.

இறக்கும் இடத்திலும் அதே மூன்று எண்களை எடுங்கள். 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில், சுரங்கத்திலிருந்து பெர்த்துக்கு லாரியில் போன ஒரு அளவுக்கருவியின் போல்ட் குலுக்கலில் கழன்று, 8 மில்லிமீட்டர் நீளச் சீசியம்-137 குப்பி சாலையில் விழுந்தது. கருவி 16-ம் தேதி பெர்த் சேர்ந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தது 25-ம் தேதி. அதன் பிறகு 1,400 கிலோமீட்டர் சாலையைச் சலித்து, பிப்ரவரி 1 அன்று நியூமன் ஊருக்குத் தெற்கே சாலையோரத்தில் கண்டெடுத்தார்கள். இறக்கிய அன்றே யாராவது மீட்டரை நீட்டியிருந்தால் ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும்.

பெட்டியின் வெளியே ஒட்டும் கதிர்வீச்சு லேபிள் விஷயத்தில் நம்மிடம் சோம்பல் அதிகம். 1 மீட்டரில் உள்ள அளவை மில்லிசீவெர்ட்டில் எழுதி 100-ஆல் பெருக்கினால் போக்குவரத்துக் குறியீட்டெண். 20 மைக்ரோசீவெர்ட், அதாவது 0.02 மில்லிசீவெர்ட் என்றால் அது 2, மஞ்சள்-3 லேபிள். 1 வரை மஞ்சள்-2, மேற்பரப்பு அரை மில்லிசீவெர்ட்டுக்குள் இருந்தால் மட்டும். புது சோர்ஸ் மாற்றியும் பழைய லேபிள் ஒட்டியபடியே போகும் வண்டிகள் உண்டு. மஞ்சள் லேபிள் உள்ள வண்டியில் டிரைவரும் உதவியாளரும் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. வெல்டர்களையும் கேமராப் பெட்டியையும் ஒரே டாடா ஏஸில் அனுப்பி டீசல் மிச்சம் பிடிக்காதீர்கள். பஸ், ஷேர் ஆட்டோ, பைக் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

பெட்டி வண்டியின் பின்கோடியில், சங்கிலி போட்டுப் பூட்டி இருக்கட்டும். சாவி டிரைவரிடம் வேண்டாம், ஆபரேட்டரிடம் இருக்கட்டும். டீக்கடையில் நிறுத்தினால் ஒருவர் வண்டியிலேயே நிற்க வேண்டும். 2013 டிசம்பரில் மெக்சிகோவில், டிரைவர் பெட்ரோல் பங்கில் ஓய்வெடுத்தபோது கோபால்ட்-60 சிகிச்சைக் கருவியோடு லாரி பறிபோனது. திருடர்களுக்கு வேண்டியது லாரி மட்டுமே. உள்ளே இருந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. லாட்ஜ் கட்டிலுக்கு அடியில் கேமராவை வைக்கும் வழக்கத்தையும் இன்றோடு விடுங்கள்.

விபத்து என்றால் முதலில் காயம்பட்டவரைத் தூக்குங்கள். சில நிமிட வேலைக்குக் கதிர்வீச்சைச் சொல்லித் தயங்க வேண்டாம். பிறகு சுற்றிலும் 30 மீட்டர் தூரத்துக்கு ஆளை விலக்கி, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் போலீசுக்கும் தகவல் சொல்லுங்கள். சிதறிக் கிடக்கும் சின்ன உலோகத் துண்டு எதையும் கையால் தொடக் கூடாது.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ட்ரெம் கார்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில், பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. பெட்டியை நெருங்கக் கூடாத நேரத்தில்தான் அது தேவைப்படும். ஒரு தமிழ்ப் பிரதி டிரைவர் கேபினில் இருக்கட்டும். அதில் உள்ள அவசரத் தொடர்பு எண் வேலையை விட்டுப் போனவருடையதா என்று, அடுத்த பயணத்துக்கு முன் ஒருமுறை அடித்துப் பாருங்கள். இரவு 2 மணிக்கு.

இப்படிக்கு,
ரேடியோகிராபி பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள்