22,000 ரிங்கிட் காரும் மேனோரா ஏற்றமும்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பெரோடுவா அக்ஸியா காரின் இ வகை 22,000 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது, பதிவு செய்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு, அம்மா. உன் லைசென்ஸை எடுத்துப் பார். அது டிஏ, ஆட்டோ கியர் மட்டும்தான் ஓட்டலாம். இ வகையோ மேனுவல் கியர். அன்றைக்கே உன்னை மேனுவலும் ஓட்டக்கூடிய டி லைசென்ஸ் எடுக்கச் சொல்லாமல் விட்டேனே என்று இப்போது வருந்துகிறேன்.

2023 பிப்ரவரியில் வந்த புது அக்ஸியா ஆட்டோ கியர்தான். வெளிவந்தபோது அதன் ஆரம்ப விலையே 38,600 ரிங்கிட். 16,600 ரிங்கிட் கூடுதல் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் கோலாலம்பூர் நெரிசலில் காலையும் மாலையும் கிளச்சை மிதித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குப் புதியதே சரி என்று படுகிறது.

இரண்டுமே ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் இயந்திரம். 1,000 சிசிக்குள் அடங்குவதால் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். அந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கும். எனக்குள்ள கவலை ஏற்றத்தைப் பற்றியது.

நம் பழைய கஞ்சில் கார் உனக்கு நினைவிருக்கிறதா? 660 சிசி. குவாலா கங்சார் தாண்டி மேனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது ஏர்கானை அணைத்துவிடுவேன். கண்ணாடிகளை இறக்கினால் லாரிப் புகை உள்ளே வரும். அம்மா கைக்குட்டையை நனைத்து உன் நெற்றியில் போட்டு, அது காய்ந்ததும் மறுபடி நனைப்பாள். என் கண் வெப்பமானியின் முள்ளை விட்டு அகலாது. அந்தக் கார் ஒருநாளும் நம்மை வழியில் விட்டதில்லை. ஆனால் அதன் பலம் எவ்வளவு என்று தெரிந்துதான் ஓட்டினேன்.

பக்கத்து வீட்டுத் தம்பியின் புது அக்ஸியாவில் நாங்கள் நான்கு பேர் பாயா தெருபோங் மலைச்சாலையில் ஏறினோம். ஏர்கானை அணைக்கவில்லை. இயந்திரம் உரக்க இரைந்தது, வேகம் சற்றுக் குறைந்தது, ஆனால் திணறவில்லை. லாரியை முந்துவதற்கு மட்டும் நீண்ட இடைவெளி வேண்டும். இதை மனத்தில் வை. நீயும் தனியாக ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதே; தோழிகளை ஏற்றிக்கொண்டு புக்கிட் துங்கு மேட்டுச் சாலைப் பக்கம் ஒரு சுற்று போய் வா. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் கை வைத்து அதிர்வைப் பார்.

ஒன்பது ஆண்டுக் கடன் மட்டும் வேண்டாம். தவணை குறைவாகத் தெரியும், வட்டி கூடிக்கொண்டே போகும். முன்பணத்தோடு சேர்த்துக் கட்ட நாங்கள் 6,000 ரிங்கிட் தருகிறோம். மறுக்காதே, அம்மா ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் காரின் பின்னிருக்கையில் நான் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா