குடல் நோயுள்ள பூனைக்கு ‘உணவைக் குறையுங்கள்’ என்ற அறிவுரை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லப் பிராணிகளின் உடல் பருமனைப் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பூனை பருத்துவிட்டால் உணவின் அளவைக் குறைக்க வேண்டும், ஓடியாடி விளையாட வைக்க வேண்டும், நாள் முழுவதும் தட்டில் உணவைக் கொட்டி வைத்திருக்கக் கூடாது என்று அவை சொல்லும் வழிகள் உடல்நலமுள்ள பூனைக்குப் பொருத்தமானவையே. நாட்பட்ட குடல் நோயுள்ள பூனைக்கு அதே வழியை அப்படியே பின்பற்றினால் என்ன நேரும் என்பதை நான் என் வீட்டிலேயே கண்டுவிட்டேன். அந்த அனுபவம் பூனை வளர்க்கும் மற்றவர்களுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எங்கள் பூனை முத்துவுக்கு ஒன்பது வயதானபோது அதன் எடை 6.1 கிலோ இருந்தது. இடுப்பு தெரியவில்லை, விலா எலும்புகளை அழுத்தித் தேடினால்தான் விரலில் படும். உணவை அளந்து கொடுக்கத் தொடங்கினோம். நான்கு மாதங்களில் 5.2 கிலோவாக இறங்கியது. எடை குறைக்கும் பூனை வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 2 விழுக்காடு வரை இழக்கலாம் என்பது பொதுவான வரையறை. முத்துவோ வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் குறைந்து வந்தது. கணக்குப்படி எல்லாம் ஒழுங்காக நடந்ததால் நாங்கள் மகிழ்ச்சியடைந்தோம். இனிக் குறைய வேண்டாம் என்று உணவைப் பழைய அளவுக்கே கூட்டிய பிறகும் எடை நிற்கவில்லை. அடுத்த இரண்டு மாதங்களில் 4.3 கிலோவுக்கு வந்துவிட்டது. நாங்கள் குறைத்ததால் இறங்கிய எடை எவ்வளவு, நோய் தின்ற எடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றுவரை எங்களால் முடியவில்லை.

இத்தனைக்கும் அறிகுறி இல்லாமல் இல்லை. அந்த ஆறு மாதங்களும் அது வாரத்துக்கு இரண்டு முறையாவது வாந்தியெடுத்தது. வாந்தியில் சில நாள் முடி இருந்தது, பல நாள் இல்லை. பூனை தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும் விலங்கு, முடியை விழுங்கும், வாந்தியெடுக்கும், அது இயல்புதான் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். எப்போதாவது ஒரு முடி உருண்டை வெளியே வருவது வேறு. வாரந்தோறும் வாந்தியெடுப்பது வேறு. வாந்தி, வயிற்றுப்போக்கு, பசியில் மாற்றம், எடை இழப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாலோ அதை நாட்பட்ட குடல் நோயின் அறிகுறியாகக் கருதி ஆராய வேண்டும் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். வயிற்றுப்போக்கே இல்லாமல் எடை இழப்பு மட்டுமே காட்டும் பூனைகளும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வயதான பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியவை தைராய்டு மிகைச் சுரப்பு, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவையே. இரத்தப் பரிசோதனையில் அவை இல்லை என்று தெரிந்தது. வயிற்றை ஸ்கேன் செய்தபோது சிறுகுடலின் சுவர் தடித்திருப்பது தெரிந்தது. அந்தத் தடிப்பு அழற்சியாலும் வரலாம், மெதுவாக வளரும் ஒருவகை லிம்போமா புற்றுநோயாலும் வரலாம். படத்தைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. திசுவை எடுத்துச் சோதித்தாலும் சில வேளைகளில் விடை தெளிவாக வருவதில்லை. முத்துவுக்கு எண்டோஸ்கோப்பி வழியாகத் திசு எடுத்துப் பார்த்ததில் அழற்சி என்றே முடிவு வந்தது. பூனையின் கணைய நாளமும் பித்த நாளமும் ஒன்றாகச் சேர்ந்து சிறுகுடலில் திறப்பதால், குடல் அழற்சியோடு கணையமும் பித்தப் பாதையும் சேர்ந்து பாதிக்கப்படுவதுண்டு. ஆகவே ‘வயிற்றுக் கோளாறு’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் நோயின் பரப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

மருந்து தொடங்குவதற்கு முன்பே மருத்துவர் கவனித்தது பி12 வைட்டமின் குறைபாட்டை. குடல் நோயுள்ள பூனை எவ்வளவு சாப்பிட்டாலும் ஏன் தேறுவதில்லை என்பதற்கான விடையில் ஒரு பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. இந்த வைட்டமின் உடலில் சேர ஒரு துணைப் புரதம் வேண்டும்; மனிதருக்கு அதை இரைப்பை சுரக்கிறது, பூனைக்கோ கணையம்தான் சுரக்கிறது. அந்தப் புரதத்தோடு சேர்ந்த வைட்டமினைச் சிறுகுடலின் கடைப்பகுதி உறிஞ்ச வேண்டும். கணையமோ அந்தக் கடைப்பகுதியோ கெட்டுவிட்டால் உணவில் வைட்டமின் இருந்தும் பயனில்லை. குறைபாடு முற்றினால் பசி மங்குகிறது, குடல் சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் தடைபடுகிறது. வாரம் ஒன்றாக ஆறு ஊசிகள், பிறகு ஒரு மாத இடைவெளியில் ஒன்று, அதன் பின் மீண்டும் இரத்தப் பரிசோதனை என்ற முறையில் முத்துவுக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு அது தானாகத் தட்டைத் தேடி வந்ததை நான் மறக்க மாட்டேன்.

அடுத்தது உணவுச் சோதனை. பூனை இதுவரை சாப்பிட்டிராத ஒரு விலங்கின் இறைச்சியைப் புரதமாகக் கொண்ட உணவையோ, உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் காண முடியாத அளவுக்குப் புரதத்தைச் சிறு துணுக்குகளாக உடைத்துச் செய்த உணவையோ மட்டும் கொடுத்துப் பார்ப்பதே அது. குடல் அறிகுறிகள் உணவால் வருபவை என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளேயே மாற்றம் தெரிந்துவிடும். ஆனால் ‘மட்டும்’ என்ற சொல்லை வீட்டிலுள்ள எல்லோரும் மதிக்க வேண்டும். பாசத்தில் யாரோ நீட்டும் ஒரு துண்டு இறைச்சி, சுவையூட்டிய மாத்திரை, இன்னொரு பூனையின் தட்டில் மிச்சமிருந்த இரண்டு கவளம் ஆகிய எதுவும் சோதனையைக் குலைத்துவிடும். எங்கள் வீட்டில் முதல் சோதனை அப்படித்தான் வீணானது. இரண்டாவது முறை வாந்தி பாதியாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. அதனால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சேர்க்கப்பட்டது. (பெயரில் மிகவும் ஒத்திருக்கும் பிரெட்னிசோன் பூனைகளுக்கு ஏற்றதன்று. அதைச் செயல்படும் மருந்தாக மாற்றும் திறன் பூனையின் உடலில் குறைவு.)

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்குப் பின் நடந்ததைத்தான். வாந்தி நின்றது. பசி பெருகியது. ஏழு மாதங்களில் எடை 5.6 கிலோவுக்கு ஏறியது. தராசைப் பார்த்து, நோய் தோற்றுவிட்டது என்றே எண்ணினோம். மருத்துவர் தராசைப் பார்க்குமுன் முதுகைத் தடவிப் பார்த்தார். முதுகெலும்பின் முனைகள் ஒவ்வொன்றாக விரலில் இடறின. தோள்பட்டை எலும்பும் இடுப்பெலும்பும் தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்தன. வயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இழந்தது தசை, திரும்பி வந்தது கொழுப்பு. ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், தசையைக் கரைக்கும், கொழுப்பைச் சேர்க்கும், சர்க்கரை நோய்க்கும் வழி செய்யும். ஆகவே பூனையின் உடல்வாகைக் கொழுப்புக்கு ஒரு மதிப்பு, தசைக்கு ஒரு மதிப்பு என இரண்டு மதிப்புகளாகப் பார்க்க வேண்டும். கொழுப்புக்கான ஒன்பது புள்ளி அளவுகோலில் ஐந்து என்பதே நல்ல நிலை. ஆனால் அந்த அளவுகோலில் ஏழு பெறும் ஒரு பூனை தசையளவில் பட்டினி கிடந்த பூனையைப் போலவும் இருக்கக்கூடும். முத்து அப்படித்தான் இருந்தது.

இந்த நிலையில் ஒரு பூனையின் உணவைப் பாதியாகக் குறைப்பது ஆபத்தானது. பூனை முழுமையான ஊனுண்ணி. அதன் கல்லீரல் ஓயாமல் புரதத்தை உடைத்துப் பயன்படுத்திக்கொண்டே இருக்கும். உணவில் புரதம் குறைந்தால் அதற்கேற்ப அந்த வேலையைப் பெரிதாகக் குறைத்துக்கொள்ள அதனால் முடியாது. வெளியிலிருந்து புரதம் வராவிட்டால் தன் தசையையே எடுத்துக்கொள்கிறது. வழக்கமான உணவையே அளவில் குறைத்துக் கொடுக்கும்போது கலோரியோடு புரதமும் வைட்டமின்களும் குறைகின்றன என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து கல்லீரலில் கொழுப்பு படிவது. பருத்த பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடல் கொழுப்பு வெள்ளமாகக் கல்லீரலுக்கு வந்து, அது செயலிழக்கத் தொடங்கும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. ‘பசித்தால் தானாகச் சாப்பிடும்’ என்று புதிய உணவை வைத்துவிட்டுக் காத்திருக்கும் பிடிவாதம் பூனையிடம் கூடவே கூடாது. பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து ஏழு முதல் பத்து நாள்களில் மாற்றுவதே முறை.

எடை குறைப்பதற்கென்றே விற்கப்படும் உணவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றுள் பல நார்ச்சத்து மிகுந்தவை. பெருங்குடல் கோளாறோ மலச்சிக்கலோ உள்ள பூனைக்கு நார்ச்சத்து உதவலாம். சிறுகுடலே உறிஞ்சத் திணறும்போது, எளிதில் செரிக்காத ஒன்றை அதன்மேல் ஏற்றுவது சரியாகுமா என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். கலோரிக் கணக்குகளும் அப்படியே. 5 கிலோ பூனைக்கு ஓய்வு நிலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 235 கிலோகலோரி தேவை என்று ஒரு சூத்திரம் சொல்லும். தட்டில் வைத்தது முழுவதும் உடலில் சேர்கிறது என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட கணக்கு அது. குடல் நோயுள்ள பூனைக்கு அந்த எண்ணைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, பூனையையும் அதன் மலத்தையும் பார்த்துத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. முத்துவுக்கு மருத்துவர் முதலில் செய்தது உணவைக் குறைப்பது அன்று. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார் (அதைத் திடீரென நிறுத்தக் கூடாது). புரதம் மிகுந்த ஈர உணவை நாளுக்கு ஐந்து சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். வாரத்துக்கு அரை முதல் ஒரு விழுக்காடு, அதாவது 28 முதல் 56 கிராம் வரை மட்டுமே இறங்க வேண்டும், வாந்தி திரும்பினால் எடை குறைப்பை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் குடலைக் கவனிக்க வேண்டும் என்று எச்சரித்தார்.

28 கிராமை மனிதர் ஏறி நிற்கும் தராசு காட்டாது. பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு நம் எடையைக் கழிக்கும் வழக்கம் கையை விரித்துக் கடலாழம் பார்ப்பதற்கு ஒப்பானது. 10 கிராம் அளவிலாவது துல்லியமாகக் காட்டும் கைக்குழந்தைத் தராசு வேண்டும். வாரத்தில் ஒரே நாள், உணவுக்கு முன், ஒரே வேளையில் நிறுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். எடையின் பக்கத்திலேயே வாந்தி எத்தனை, மலம் எப்படி, தட்டில் எவ்வளவு மிச்சம், முதுகைத் தடவியபோது என்ன தெரிந்தது என்றும் எழுதுகிறோம். 4 கிலோ பூனை 400 கிராம் இழப்பது, 60 கிலோ மனிதர் 6 கிலோ இழப்பதற்குச் சமம். மனிதரிடம் அதை ஊரே கவனிக்கும். பூனையிடம் அடர்ந்த முடி மறைத்துவிடும். போன ஆண்டு ஒரு வாரம் எடை 60 கிராம் குறைந்து, மறு வாரம் இன்னும் 80 கிராம் குறைந்தது. பூனை வழக்கம்போல விளையாடிக்கொண்டுதான் இருந்தது. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனோம்; பி12 மறுபடியும் குறைந்திருந்தது. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

சாப்பிட மறுக்கும் நாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது பிடிவாதமாக இருப்பதில்லை, குமட்டலாக இருக்கும். தட்டருகே வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிவிட்டுத் திரும்பும். அப்போது ஊசிக்குழாயில் உணவை நிரப்பி வாயில் திணித்தால், அந்த உணவையே வெறுக்கும்படி நாம் பழக்கியவர்களாவோம். குமட்டலுக்கும் மருந்து உண்டு, பசியைத் தூண்டவும் மிர்டாசபைன் போன்ற மருந்துகள் உண்டு. அவையும் போதாதபோது கழுத்து வழியாக உணவுக்குழாயில் ஒரு சிறு குழாய் பொருத்தி உணவளிப்பார்கள். பார்க்கக் கொடுமையாகத் தோன்றினாலும் பூனைகள் அதை வியக்கத்தக்க அளவுக்கு ஏற்றுக்கொள்கின்றன. கடைசி முயற்சி என்று தள்ளிப்போடாமல் உரிய நேரத்தில் செய்தால் பயன் கூடுதல்.

முத்துவுக்கு இப்போது பன்னிரண்டு வயது, எடை 4.9 கிலோ. முதுகில் தசை முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் முன்பு இடறிய எலும்பு முனைகள் இப்போது விரலுக்கு மெத்தென்று படுகின்றன.

தங்கள் நாளிதழிடம் எனக்குள்ள வேண்டுகோள் சிறியது. செல்லப் பிராணிகளின் எடையைக் குறைப்பது பற்றி இனி வெளியிடும் ஒவ்வொரு குறிப்பிலும், ‘உங்கள் பூனைக்கு மூன்று வாரத்துக்கு மேல் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அல்லது நீங்கள் குறைக்காமலேயே எடை குறைந்தால், இந்த அறிவுரையைப் பின்பற்றுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்ற ஒரு வரியைச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வரியை நான் படித்திருந்தால், முத்து அந்த ஆறு மாதங்களை அப்படிக் கழித்திருக்க வேண்டியிருந்திராது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்