குறைகளை ஒரே தாளில் எழுதித் தாருங்கள், ஐயா

எங்கள் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிக்கரையில் தாத்தா கட்டிய வீட்டை வாங்க நான் அனுப்பிய பவர் பத்திரம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. கதை உங்களுக்கே தெரியும். அப்பாவின் பங்கு எனக்கு. மீதியைச் சித்தப்பா பிள்ளைகளிடமிருந்து கிரயம் வாங்குகிறேன். சண்டையில்லை, வழக்கில்லை.

முதலில் இடித்தது பெயர். சிங்கப்பூரில் பிறந்த எனக்கு இனிஷியல் கிடையாது. அடையாள அட்டையில் என் பெயர், நடுவே 'இன்னாரின் மகன்' என்பதைக் குறிக்கும் 'எஸ்/ஓ', அப்புறம் அப்பா பெயர். ஊரில் எடுத்த வாரிசுச் சான்றிலோ அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும். "எஸ், ஓ ரெண்டும் இனிஷியலா?" என்று உங்கள் எழுத்தர் என் தம்பியிடம் கேட்டாராம். நானும் நானும் ஒரே ஆள்தான் என்று நானே உறுதிமொழி எழுதி, லீவு போட்டு நோட்டரியிடம் கையெழுத்திட்டு, வெளிநாட்டிலும் செல்லும்படி ஆவணத்துக்குச் சான்று தரும் அப்போஸ்டில் முத்திரையோடு அனுப்பினேன். "தூதரக சீல் எங்கே?" என்றார்கள். இந்தியா 2005 முதலே அப்போஸ்டிலை ஏற்கும் நாடு. சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலிருந்து அதைத் தருகிறது. சரி என்று கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் போய்வந்தேன்.

அடுத்தது கொல்லை. படித்துறை வரை நீளும் அந்த இடம் நஞ்சையா, குடியிருப்பு நத்தமா? வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளிக்குத் தரும் ஓசிஐ அட்டைக்காரன் விளைநிலம் வாங்கக் கூடாது, நியாயமான கேள்விதான். இப்போது, வீடு நிற்கும் அடிமனை கோயிலுடையதா என்று பார்க்க வேண்டுமாம். அதுவும் நியாயம். இதையெல்லாம் முதல் நாளே ஒரே தாளில் எழுதித் தந்திருக்கலாமே?

போன ஐப்பசி மழையில் சித்தி வீடியோ காலில் வீட்டைக் காட்டினார். தாழ்வாரத்து நாட்டு ஓடுகள் முற்றத்தில் நொறுங்கிக் கிடந்தன. தூணின் அடியைச் சித்தி விரலால் குத்தினார். கறையான் தின்ற மரம் மாவாக உதிர்ந்தது. பத்திரம் முடியாத வீட்டில் ஆள் விட்டு ஓடு மாற்றுவது எப்படி?

ஊர் எல்லையில் மட்டும் 'பாரம்பரிய நகரம்' என்று பெரிய வளைவு. உள்ளே வந்தால் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் காங்கிரீட் பெட்டிகளாகின்றன. படித்துறையில் இறங்கினால் சாக்கடை. இங்கே சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் 1977இல் தொடங்கிப் பத்தே ஆண்டில் சுத்தம் செய்தார்கள். படகுப் பட்டறை, பன்றிப் பண்ணை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினார்கள். உங்கள் அலுவலகத்தில் என் பெயரைச் சுத்தம் செய்ய அதில் கால்வாசிக் காலமாவது ஆகும் போலிருக்கிறது.

மன்னிக்கவும். ஆறு உங்கள் இலாகா இல்லை.

முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், இரண்டும் தயாராக இருக்கின்றன. ஆடிப்பெருக்குக்குத் திருச்சி விமானத்தில் டிக்கெட் போட்டிருக்கிறேன். அந்த வாரம் நேரிலேயே வருகிறேன். இன்னும் என்னென்ன குறை உண்டோ, இருபது இருந்தாலும் பரவாயில்லை, ஒரே தாளில் தேதி போட்டு, கையெழுத்திட்டுத் தாருங்கள். தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் இரண்டு பேராக இருக்கும் ஒருவன்,
சிங்கப்பூர்