நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வேளாண் கல்லூரிகளில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி, பழங்குடி மாணவர்களைச் சேர்க்கத் தரும் உதவித்தொகை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகள் மாட்டைத் தொடுகிறார்களா என்ற கேள்வி அதில் வரவே இல்லை. நான் இங்கே ஒரு கல்லூரியின் இறைச்சி மாட்டுப் பண்ணையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

சினைப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோள் வரைக்கும் பிளாஸ்டிக் கையுறை மாட்டி, மலக்குடல் வழியே கையை விட்டு, குடல் சுவருக்கு அடியில் இருக்கும் கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். முதல் தடவை யாருக்கும் ஒன்றும் புரியாது. வெதுவெதுப்பாக ஏதோ இருக்கும், அவ்வளவுதான். மாடு முக்கினால் கை மரத்துப் போகும். இரண்டு மாதச் சினை என்றால் கருப்பையின் இரண்டு கிளைகளில் (கொம்பு என்பார்கள்) ஒன்று மட்டும் நீர் நிரம்பிய பலூன் மாதிரி பருத்திருக்கும் என்று பாடத்தில் படித்திருப்பார்கள். அந்தப் பலூன் விரலுக்குத் தட்டுப்பட இருபது முப்பது மாடாவது பார்க்க வேண்டும்.

செய்முறை வகுப்பில் நடப்பது என்ன? இருபது மாணவர்கள், நாலு மாடு, இரண்டு மணி நேரம். பேராசிரியர் "யார் முதலில்?" என்று கேட்டதும், அப்பாவின் பண்ணையில் கன்றுக்குட்டிகளோடு வளர்ந்த பிள்ளை சட்டையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வரும். நகரத்திலிருந்து வந்த பிள்ளை நோட்டை வைத்துக்கொண்டு பின்னால் நிற்கும். பருவம் முடியும் வரைக்கும் அப்படியே நிற்கும். நான் பார்த்த ஒரு பெண் சினைக்காலம் 283 நாள், ஊசியைக் கழுத்தில்தான் போட வேண்டும், பின்தொடையில் போட்டால் கறியில் தழும்பு விழும் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஒரு கிடாரி தலையைத் திருப்பிப் பார்த்ததும் வேலியைத் தாண்டி ஓடிவிட்டாள்.

அந்தக் கோடையில் அவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டோம். (சம்பளம் முக்கியம். சம்பளமில்லாப் பயிற்சிக்கு வரக்கூடியவர்கள் வீட்டில் காசு இருப்பவர்கள்தான்.) முதல் வாரம் மாட்டை நகர்த்துவது மட்டும்தான் வேலை. மாட்டின் தோளில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் நின்று நெருங்கினால் மாடு முன்னே போகும், முன்னால் வந்தால் பின்வாங்கும். நேர் பின்னால் நின்றால் அதற்கு ஆளே தெரியாது, மிரண்டு உதைக்கும். கத்தவோ குச்சியோ தேவையில்லை. ஜூலை கடைசியில் ஒரு கிடாரிக்குள் கையை வைத்தபடியே, "இது காலி, சினையில்லை" என்றாள். நான் நம்பாமல் கையை விட்டுப் பார்த்தேன். காலிதான்.

இந்தப் பிள்ளைகள் பரம்பரையாகவே மாட்டுக்கு அந்நியமானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1920இல் அமெரிக்காவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று ஐம்பதாயிரம்கூட இல்லை. கடன் தருவதில் வேளாண் துறை பாகுபாடு காட்டியது என்று அவர்கள் தொடுத்த வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்களின் நிலம் கைமாறிவிட்டது. தாத்தாவுக்குத் தெரிந்த வேலையைப் பேத்தி கல்லூரிக்கு வந்துதான் கற்க வேண்டியிருக்கிறது.

கறுப்பின மாணவர்களுக்கென்று உருவான வேளாண் கல்லூரிகளின் நிலைமையும் பெரிய சொகுசில்லை. வெள்ளையர் கல்லூரியில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத மாநிலங்கள் அவர்களுக்குத் தனிக் கல்லூரி நடத்த வேண்டும் என்றது 1890ஆம் ஆண்டுச் சட்டம். அப்படி வந்த வரிசையில் இன்று 19 கல்வி நிலையங்கள். முப்பது ஆண்டுகளில் இவற்றுக்குச் சேர வேண்டிய 1,200 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை சேரவில்லை என்று 2023இல் மத்திய அரசே 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. பணம் இல்லாவிட்டால் மாட்டுப் பண்ணைதான் முதலில் சுருங்கும். வகுப்பறைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு விடலாம், மாட்டுக்குத் தீவனம் வைக்காமல் இருக்க முடியுமா? அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கறுப்பினக் கல்லூரியில் வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1906லேயே கருவிகளை வண்டியில் ஏற்றி விவசாயிகளின் வயலுக்கே பாடத்தை அனுப்பினார். அன்று வண்டிக்காவது காசு கிடைத்தது.

அடுத்த முறை உங்கள் நிருபர் இப்படி ஒரு கல்லூரிக்குப் போனால், எத்தனை பேருக்கு உதவித்தொகை என்பதோடு இன்னொன்றையும் கேட்கட்டும். நோட்டோடு கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளை இந்தப் பருவத்தில் எத்தனை மாட்டுக்குக் கையுறை போட்டது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜார்ஜியா, அமெரிக்கா