ஏ.சி.யை அணைக்காமல் எழுமலை வரை ஓட்டிக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கும், புதிய வேன்கள் வாங்குவதற்காக அமைத்திருக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். டீசல் வேன்களைக் கழித்துவிட்டு எல்லா ரூட்டுக்கும் மின்சார வேன் வரப்போவதாக நோட்டீஸ் போர்டில் பார்த்தோம். கொட்டேஷன் வந்துவிட்டது, இந்த மாதத்துக்குள் ஆர்டர் போய்விடும் என்கிறார்கள். அதற்கு முன் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எழுமலை ரூட்டில், இரண்டாம் ஷிப்ட் விட்ட பிறகு, சீட் நிறைய ஆளோடு, ஏ.சி.யை அணைக்காமல், கடைசியாக இறங்கும் பெண்ணின் வீட்டு வாசல் வரை ஓட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போன வெள்ளிக்கிழமை நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். டிரைவருக்கு மெமோ போயிருக்கிறது என்பதால் அப்படி நினைக்கிறேன். மெமோவில் இல்லாததைச் சொல்கிறேன்.

பத்தரைக்கு ஷிப்ட் விட்டு நாங்கள் ஏறியது சோதனைக்காக எடுத்திருக்கும் அந்தப் புது வேனில். திருமங்கலம் தாண்டியதும் டிரைவர் அண்ணன் ஏ.சி.யை நிறுத்தினார். "சார்ஜ் பத்தாது தாயி, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். பொறுத்துக்கொள்வது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வேனில் ஜன்னல் திறக்காது. ஏ.சி. வண்டி என்பதால் இரண்டு பக்கமும் முழுக் கண்ணாடியாக அடைத்து ஒட்டியிருக்கிறது. மே மாதத்தில் மதுரைப் பக்கம் ராத்திரி பதினோரு மணிக்குச் சுவரைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில், எட்டு மணி நேரம் மெஷின் பக்கத்தில் நின்ற உடம்போடு, மூடிய கண்ணாடிக்குள் அத்தனை பேர். சிந்துபட்டி வருவதற்குள் பின் சீட்டுப் பிள்ளை சாப்பாட்டுப் பையைக் காலி செய்து அதிலேயே வாந்தி எடுத்தது. அதன் பிறகு அண்ணன் ஓடுகிற வண்டியில் கதவைப் பாதி திறந்து வைத்தார். மெமோவில் குற்றமாக எழுதியிருப்பது அந்தக் கதவைத்தான்.

உசிலம்பட்டிக்கு முன்னாலேயே சார்ஜ் மீட்டரில் 19 சதவீதம் என்று இருந்தது கண்ணிமைக்கும் நேரத்தில் 8 ஆனது. வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அதற்கு மேல் எந்த ஊருக்குள்ளும் திருப்ப முடியாது என்று சொல்லி, ஒவ்வொருவரையும் அவரவர் ஊர் விலக்கில் இறக்கிவிட்டார். விலக்கிலிருந்து ஊருக்குத் தெருவிளக்கு கிடையாது. நாய் உண்டு. வண்டியில் போனுக்குக்கூட சார்ஜ் போடவேண்டாம் என்றிருந்ததால் பாதிப் பேருக்கு டார்ச்சும் இல்லை. ஒரு பிள்ளையின் அப்பா தற்செயலாகத் தண்ணீர் பாய்ச்ச வந்தவர், அவர்தான் இன்னும் மூன்று பேரைக் கூட்டிப்போய் விட்டார்.

பெண்கள் இரவு ஏழு மணிக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்றிருந்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. சும்மா ரத்து செய்யவில்லை. பாதுகாப்புக்கு நிபந்தனைகள் வைத்துத்தான் செய்தது. இரவுப் பணிக்கு வரும் பெண்களை வீட்டிலிருந்து அழைத்துவந்து வீட்டில் விடுவது அதில் ஒன்று. சார்ஜ் இருந்தால் என்று நீதிமன்றம் சொன்னதாகத் தெரியவில்லை.

மின் பராமரிப்பில் இருப்பவள் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். அந்த வேனில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் தோது, அதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜ் பெரிதாக இறங்காது, நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்கும். மிச்சம் எவ்வளவு என்று மீட்டர் கணக்குப் போட்டு ஊகித்துத்தான் காட்டுகிறது. அவ்வப்போது நூறு வரை முழுசாக ஏற்றினால்தான் அந்தக் கணக்கு நேராகும். நம் ஷெட்டில் சார்ஜர் ஒன்று, வண்டி இரண்டு. மதியம் எங்களை இறக்கி, முதல் ஷிப்டை ஊரில் விட்டுத் திரும்பும் வண்டி வரிசையில் நிற்கிறது. எண்பது வந்ததும் பிடுங்கி அடுத்ததில் சொருகுகிறார்கள். 19 எப்படி 8 ஆனது என்று டிரைவரை ஏன் கேட்கிறீர்கள்?

கொட்டேஷனில் போட்டிருக்கும் கிலோமீட்டர், சோதனைக்கூடத்தில் அதற்கென வகுத்த வேகத்தில் ஓட்டி எடுத்தது. அங்கே வேகத்தடையும் கிடையாது, எங்கள் டிபன் கேரியரும் கிடையாது. பேட்டரிக்கும் வயதாகும். புது வண்டியே இப்போது தத்தளித்தால் நாலு வருஷம் கழித்து எங்களை எந்த விலக்கில் இறக்குவீர்கள்? எத்தனை வருஷம் வரை பேட்டரி எத்தனை சதவீதம் தாங்கும் என்று கம்பெனிக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நீங்களும் ஓட்டிப் பார்த்தீர்கள், மறுக்கவில்லை. காலை எட்டு மணிக்கு, நாலு பேர் உட்கார்ந்து, நாலுவழிச் சாலையில் திருமங்கலம் வரை. அந்த நாலு பேரும் திரும்பி வந்து அவரவர் காரில் வீட்டுக்குப் போனார்கள். குழுவில் வேனில் வருகிற ஒருவர்கூட இல்லை. கேன்டீன் குழுவில் கேன்டீனில் சாப்பிடுகிறவர் இல்லாததைப் போலத்தான். அது தனிக் கடிதம்.

மாதாந்திர மின்தடை அன்று ஜெனரேட்டரைப் போட்டு இந்த வேனுக்கு சார்ஜ் ஏற்றியதையும் பார்த்தோம். வேனின் பக்கவாட்டில் பச்சை இலை வரைந்திருக்கிறது. புகை ஜெனரேட்டர் பக்கம் போனதால் இலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். டீசல் வேனே வேண்டும் என்று நாங்கள் கேட்பதாக யாரும் திரித்துவிட வேண்டாம். பழைய வேனின் கடைசி சீட்டில் ஒரு மாதம் போய் வந்தவளுக்கு மின்சார வண்டியின் அருமை தெரியும். சத்தம் இல்லை, புகை நாற்றம் இல்லை. ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், கிலோமீட்டருக்கு ஆகும் செலவும் குறைவு, உங்களுக்கும் லாபம். நல்லதாக வாங்குங்கள் என்றுதான் கேட்கிறோம். ஜன்னல் திறக்கிற வண்டியாக, எங்கள் ரூட்டின் தூரத்துக்குத் தாங்கும் பேட்டரியோடு, வண்டிக்கு ஒரு சார்ஜரோடு. டிரைவர் அண்ணன் மீதான மெமோவைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன் எழுமலை ரூட்டில் ஓட்டிப் பாருங்கள், எங்களை ஏற்றிக்கொண்டு. எந்த நாள் என்று மட்டும் நோட்டீஸ் போர்டில் போட்டால் போதும். குழுவில் ஒருவர் வந்தாலும் முன் சீட்டை அவருக்காகக் காலியாக வைக்கிறோம். எங்களை விட்டுவிட்டுத் திரும்பி வர வண்டியில் சார்ஜ் இருக்குமா என்பதை அவர் கிளம்பும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
இரண்டாம் ஷிப்ட் பெண் தொழிலாளர்கள் சார்பில்,
எழுமலை ரூட் பயணி ஒருத்தி
கப்பலூர்