காதுக்குள் ஓயாத இரைச்சல்

ஆசிரியருக்கு,

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ முகாம் பற்றிய செய்தியைப் படித்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் பரிசோதனை எல்லாம் இருந்தன. காதும் மனசும் பட்டியலில் இல்லை. பீரங்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். அதில் அழிந்துபோகும், ஒலியை உணரும் உள்காதின் மயிர்ச்செல்கள் மறுபடி முளைப்பதில்லை. குண்டுவெடிப்பின் அதிர்வு மூளையையும் உலுக்கும். ஸ்கேனில் பல நேரம் ஒன்றும் தெரியாது. அதனால் மறதி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் ‘வயசாகிவிட்டது’ என்று தள்ளிவிடப்படுகின்றன.

தண்டையார்பேட்டையில் எங்களோடு இருக்கும் என் அண்ணன் பீரங்கிப் படையில் 17 ஆண்டுகள் இருந்தவர். மார்கழியிலும் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுத்தான் படுப்பார். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் காதுக்குள் கேட்கும் ‘ங்கொய்’ என்ற இரைச்சல் அவரைத் தூங்கவிடாது. தீபாவளிக்குத் தெருவில் சரவெடி வெடித்தால் சமையலறைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடுவார். அது அடங்கும்வரை அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். இதை அண்ணன் எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை என்பதுதான் காரணம். அடுத்த முகாமை ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் நடத்தட்டும். கேட்புத்திறன் பரிசோதனைக்கு ஒரு மேசை, மனநல ஆலோசகருக்குத் தனி அறை, இரண்டும் வேண்டும். மனைவியையும் உடன் அழைத்துப் பேச வேண்டும், பாதி விஷயம் அவருக்குத்தான் தெரியும். அப்புறம், இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ முகாம் வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள்.

- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை