‘ஆக’ வந்தால் ‘லி’ போடு என்று இனியும் சொல்லிக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கில இலக்கணத்தை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் பெயரடை, வினையடை பகுதியில் ஒரு சூத்திரம் போட்டிருந்தீர்கள்: தமிழில் ‘ஆன’ என்று முடிந்தால் அட்ஜெக்டிவ், ‘ஆக’ என்று முடிந்தால் அட்வேர்ப், அட்வேர்ப் என்றால் கடைசியில் ‘லி’. டியூஷன் கொப்பிகளிலும் இதேதான் இருக்கிறது, யார் யாரைப் பார்த்து எழுதினார்களோ. பாதி சரி. மற்றப் பாதிதான் நம் பிள்ளைகளின் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) கட்டுரையில் மார்க்ஸைக் கொண்டுபோகிறது.

‘அழகான பூ’, ‘அழகாகப் பாடினாள்’ என்ற இரண்டுக்கும் சூத்திரம் ஒத்துவரும். பியூட்டிஃபுல் ஃப்ளவர், ஷீ சேங் பியூட்டிஃபுலி. சரி, ‘பூ அழகாக இருக்கிறது’ என்றால்? ‘த ஃப்ளவர் இஸ் பியூட்டிஃபுலி’ என்றுதான் பிள்ளை எழுதும். என் அண்ணன் மகன் ஒரு படி மேலே போய் ‘த டீ இஸ் வெரி ஹொட்லி’ என்று எழுதி வைத்திருந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தேத்தண்ணி சூடாகத்தானே இருக்கிறது, அவன் படித்த சூத்திரத்தை அப்படியே போட்டிருக்கிறான்.

விஷயம் இதுதான். நம் ‘ஆக’ இரண்டு இடத்தில் வேலை செய்கிறது: ஒருவர் ஒரு காரியத்தை எப்படிச் செய்கிறார் என்று சொல்லவும் வரும், ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்லவும் வரும். இங்கிலீஷ்காரர்கள் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். செய்வதைச் சொன்னால் அட்வேர்ப், இருப்பதைச் சொன்னால் அட்ஜெக்டிவ். இஸ், வோஸ் மட்டுமில்லை; லுக், சீம், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட் என்று ஒரு கூட்டமே இருக்கிறது, ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று இவை சொல்லும்போது பின்னால் அட்ஜெக்டிவ்தான் வரும். மலையகத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க உதாரணம் தேடி வெளியே போகவே தேவையில்லை. டீ டேஸ்ட் பார்ப்பவர் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, ‘பிரைட்’ என்பார், ‘பிரிஸ்க்’ என்பார். ‘பிரைட்லி’ என்று சொல்ல மாட்டார், ஏனென்றால் அது தேத்தண்ணியின் குணம். அவர் உறிஞ்சிப் பார்க்கும் வேலையைச் சொல்வதானால் ‘ஹீ டேஸ்ட்ஸ் த டீ கேர்ஃபுலி’. தேத்தண்ணியைச் சொல்வதானால் ‘த டீ டேஸ்ட்ஸ் குட்’. ஒரே வினைச்சொல், ஒரு இடத்தில் ‘லி’ வருகிறது, இன்னொரு இடத்தில் வரவில்லை. இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரிந்துவிடும்.

அப்புறம் ‘ரொம்ப’. நமக்கு ரொம்பக் குளிர், ரொம்பப் பிடிக்கும், ரொம்ப நல்லது, போன வருஷத்தைவிட ரொம்ப நல்லது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். ‘வெரி’ அப்படி ஊர் முழுக்கச் சுற்றாது. ‘வெரி கோல்ட்’ சரி, ஆனால் ‘ஐ வெரி லைக்’ கிடையாது, ‘ஐ லைக் இட் வெரி மச்’ என்று வசனத்தின் கடைசிக்குப் போக வேண்டும். ‘வெரி பெட்டர்’ கிடையாது, ‘மச் பெட்டர்’. ‘ஃப்ரீஸிங்’ என்றாலே உறைகிற குளிர், அதற்கு மேல் ‘வெரி’ போட்டால் ஒட்டாது, ‘அப்ஸலூட்லி ஃப்ரீஸிங்’ என்பார்கள். ‘டூ’ என்பதையும் பிள்ளைகள் ‘ரொம்ப’ என்றே நினைத்து ‘மை டீச்சர் இஸ் டூ கைண்ட்’ என்று எழுதுகிறார்கள், பரீட்சைத் தாளில் அதைப் படிப்பவருக்கு டீச்சரின் கருணை அளவு மீறிப் போய்விட்டது என்றுதான் படும். ‘த டீ இஸ் டூ ஹொட் டு ட்ரிங்க்’, அதாவது குடிக்க முடியாத அளவுக்குச் சூடு, ‘டூ’வுக்குப் பொருத்தமான இடம் அது. ‘எனஃப்’ இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கும், ‘ஹொட் எனஃப்’ என்று அட்ஜெக்டிவுக்குப் பின்னால்தான் வரும், ஆனால் பெயர்ச்சொல் வந்தால் ‘எனஃப் வோட்டர்’ என்று முன்னால் வந்துவிடும்.

நான் நுவரெலியாவில் ஒரு சின்னத் தங்குமிடத்தில் வரவேற்பில் வேலை செய்கிறேன். இங்கே புதிதாக வரும் நம் பிள்ளைகள் தடுமாறுவது இன்னொரு இடத்தில். வெள்ளைக்காரர் ஒருவர் ‘த ரூம் இஸ் எ பிட் கோல்ட்’ என்றால், கொஞ்சம்தான் குளிராம் என்று விட்டுவிடுவார்கள். அவர் உள்ளே நடுங்கிக்கொண்டு மரியாதைக்குச் சொல்கிறார். ‘ஐ ஆம் நொட் வெரி ஹெப்பி’ என்றால் ரொம்பச் சந்தோஷம் இல்லை, ஓரளவு சந்தோஷம் என்று அர்த்தமில்லை, முறைப்பாடு வரப்போகிறது. பிரிட்டிஷ்காரர் சாப்பிட்டுவிட்டு ‘குவைட் நைஸ்’ என்றால் பாராட்டு என்று குசினிக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டாம், பரவாயில்லை என்கிற அளவுதான் அநேகமாக. அதே ‘குவைட்’ ‘இம்பொசிபிள்’ முன்னால் வந்தால் முழுக்க முடியாது என்றாகிவிடும். நாமும் ‘கொஞ்சம் வாங்க’ என்கிறோம், யாரும் அரை அடி மட்டும் நகர்ந்து வருவதில்லையே. அப்படித்தான். ஆனால் இதை எந்தப் பாடத்திலும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

எனக்கு மிகவும் மனசு கஷ்டமான ஒன்று ‘ஹார்ட்’. ‘மை மதர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் அம்மா கொழுந்து எடுக்கப் போவதை எழுதுவார்கள். மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு, சரிவில் ஏறி இறங்கி எடுத்து, நிறுக்கும் இடத்தில் கிலோவைக் கழித்தால் அதையும் பேசாமல் கேட்டுக்கொண்டு வரும் அம்மா. ‘கஷ்டப்பட்டு வேலை செய்கிறார்’ என்று நினைத்து, சூத்திரத்தை நம்பி, ‘மை மதர் வேர்க்ஸ் ஹார்ட்லி’ என்று எழுதி வைக்கிறது பிள்ளை. ‘ஹார்ட்லி’ என்றால் ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்று பொருள். அம்மா வேலையே செய்வதில்லை என்று ஆகிவிடுகிறது! ‘ஹார்ட்’ என்பதே அட்வேர்பும்கூட, அதற்கு ‘லி’ தேவையில்லை. ‘லேட்’டும் அதே கதை, பஸ் ‘லேட்’டாக வரும், ‘லேட்லி’ என்றால் அண்மைக் காலமாக. ‘ஃபாஸ்ட்லி’ என்று ஒன்று கிடையவே கிடையாது. ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’ இரண்டும் ‘லி’யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ். வளைவுகளில் ‘கோ ஸ்லோ’ என்று போர்ட் போடுகிறார்களே, அது பிழை என்று வாதாடுபவர்களும் உண்டு, ஆனால் ‘ஸ்லோ’வை இப்படி எழுதுவது இங்கிலீஷ்காரர்களிடமே நூற்றாண்டுகளாக இருக்கிறது, பிள்ளைகளை அதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

இன்னும் சில ஜோடிகளுக்குச் சூத்திரமே கிடையாது. ‘ஹெவி ரெயின்’, ‘இட் ரெயின்ட் ஹெவிலி’. ‘பிட்டர்லி கோல்ட்’, ‘சீரியஸ்லி இல்’ (கடும் நோய்), ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ (ஆழ்ந்த தூக்கம்), ‘வைட் அவேக்’ (முழு விழிப்பு). ஏன் அந்தச் சொல்லோடு அந்தச் சொல் என்று கேட்டால் பதில் இல்லை. இருட்டு என்றால் கும்மிருட்டு என்கிறோம், வெயிலுக்கு ‘கும்’ போடுவதில்லை. பச்சைக்குப் பசேல், கறுப்புக்குக் கன்னங்கரேல். சின்ன வயதில் காதில் விழுந்து பழகியது. எங்கள் தோட்டப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் அப்படிக் காதில் விழுவதில்லை, அதனால் கண்ணிலாவது பட வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சொற்பட்டியலைக் குறைத்துவிட்டு, வாரத்துக்கு நாலைந்து முழு வசனம் போடுங்கள்: பஸ், மழை, தேத்தண்ணி, ஆஸ்பத்திரி, வேலைக்கான நேர்முகப் பரீட்சை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்களிலிருந்து. ‘த டீ இஸ் ஹொட்’டையும் ‘ஹீ ட்ரிங்க்ஸ் த டீ ஸ்லோலி’யையும் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். அந்தப் பழைய சூத்திரத்துக்கு ஒரு திருத்தமும் போட்டால் நல்லது, கொப்பியில் அது ஒட்டியிருக்கும் பக்கத்திலேயே இதையும் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
நானுஓயா